பதினேழாம் ஜாயின்ட் பத்தி மகனுக்கு

தம்பி,

நல்லா இருக்கியான்னு கேட்டு ஆரம்பிக்கப் போறதில்ல. நல்லா இல்லைன்னு ஞாயித்துக்கிழமை நீ போன் போட்டப்பவே தெரிஞ்சு போச்சு. போன்ல பேசினா நீ "சரிம்மா, சரிம்மா"ன்னு குறுக்க விழுவ, நானும் சொல்ல வந்தத விட்டுட்டு சாப்பிட்டியா, தூங்குனியான்னு போயிருவேன். அதனால எழுதுறேன். எழுதி முடிச்சதும் பக்கம் பக்கமா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புறேன், பெருசாக்கிப் படிச்சுக்க. எழுத்து கோணலாத்தான் இருக்கும். கண்ணாடிய மாத்தணும்னு டாக்டர் சொல்லி ஒரு வருசமாச்சு, உன் கல்யாணம் முடியட்டும்னு தள்ளிப் போட்டு வச்சிருக்கேன். இந்த வீட்டுல இப்ப எதக் கேட்டாலும் அதுதான் பதில்.

நீ சொன்னது எனக்குப் புரிஞ்ச மட்டும் ஒரு தடவ எழுதிக்கிறேன், தப்பா இருந்தா திருத்து. நீங்க கடலோரத்துல கட்டுற அணுமின் நிலையத்துல ஒரு சுவருக்குள்ள குழாய் போகுது. அத துண்டு துண்டா வெல்டு வச்சு சேக்குறாங்க. ஒவ்வொரு ஜாயின்ட்டையும் எக்ஸ்ரே மாதிரி படம் எடுத்து, உள்ள விரிசல் இல்லை, காத்துப் புள்ளி இல்லைன்னு பாத்துட்டுத்தான் சுத்தி கான்கிரீட் போட்டு மூடணும். மூடிட்டா அம்புட்டுதான், நிலையம் இருக்குற வரைக்கும் அத யாரும் கண்ணால பாக்க முடியாது. படம் எடுக்குறது ஒரு சப்-கான்ட்ராக்ட் கம்பெனி. தரம் பாத்து ஒத்துக்குறது உன் வேலை. அவங்க குடுத்த பன்னெண்டு படத்துக்கும் நீ விளக்குப் பெட்டியில வச்சுப் பாக்காமலே கையெழுத்து போட்டுட்ட. வேலை நெருக்கடி, அவங்க ஆளு விவரமானவரு, நம்பிட்ட. போன வாரம் வேற எதுக்கோ எடுத்துப் பாத்தா பதினாலாம் ஜாயின்ட் படமும் பதினேழாம் ஜாயின்ட் படமும் ஒண்ணு. ஒரே ஜாயின்ட்ட நம்பர மட்டும் மாத்தி ரெண்டு தடவ எடுத்திருக்காங்க. அப்ப பதினேழ யாருமே படம் எடுக்கல. வியாழக்கிழமை கண்காணிப்பு வாரியத்துல இருந்து ஆய்வுக்கு வாராங்க. வெள்ளிக்கிழமை கான்கிரீட்.

"சொல்லவாம்மா, வேணாமா?"ன்னு கேட்ட. நான் அடுப்புல பால வச்சுட்டு நின்னேன். பால் பொங்குறதுக்குள்ள பதில் சொல்லிட்டேன். "கல்யாணத்துக்கு நாப்பது நாள் கூட இல்ல, வாய மூடிட்டு இரு. அம்புட்டு பெரிய இடத்துல ஒத்த ஜாயின்ட் என்ன பண்ணிரப் போகுது"ன்னேன். நீ "சரிம்மா"ன்ன. அந்த "சரிம்மா"வுல ஒரு நிம்மதி இருந்துச்சு பாரு, அதுதான் என்னைய ரெண்டு நாளா உக்கார விடல. நீ யோசனை கேக்க போன் போடல. உங்கூட சேந்து இத சுமக்க ஒரு ஆளு வேணும்னு போட்டிருக்க. பெத்தவ நான் உடனே தலையக் குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை சொன்னத இப்ப திரும்ப வாங்கிக்கிறேன். ஏன்னு சொல்லத்தான் இம்புட்டு நீளமா எழுதுறேன்.

நான் வில்லாபுரத்துல லேப்ல வேலை பாத்தது உனக்குத் தெரியும். என்ன லேப்புன்னு சின்னப் பிள்ளையில உனக்குத் தெரியாது. அம்மா எக்ஸ்ரே எடுக்குறாங்கன்னு பள்ளிக்கூடத்துல சொல்லி வச்சு, உங்க கணக்கு வாத்தியாரு முட்டி வலிக்கு எங்கிட்ட யோசனை கேட்டாரு. ஆலைகள்ல வெல்டு வச்ச குழாய படம் எடுத்துட்டு வருவாங்க, அந்தப் படத்த இருட்டு ரூமுல சிவப்பு லைட்டு போட்டுட்டு மருந்துல கழுவி, கிளிப்பு மாட்டி காயப் போடுறது என் வேலை. பதினோரு வருசம் பாத்தேன். வெல்டுங்கறது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். எம்புட்டு கைதேர்ந்த வெல்டரா இருந்தாலும் ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வைக்க முடியாது. நம்பர் மட்டும்தான் வெளிய இருந்து வர்றது, ஈயத்துல செஞ்ச எழுத்த குழாய் மேல ஒட்டி வச்சு எடுப்பாங்க, அது படத்துல வெள்ளையா விழும்.

சேந்து மூணு மாசம் இருக்கும். ஒரு ஆலையோட பாய்லர் குழாய் படங்கள வரிசையா காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு படம். ரெண்டுலயும் ஓரத்துல வெல்டு தெறிச்ச ஒரு பொட்டு, வாலு வச்ச மாதிரி, ஒரே எடத்துல. அக்கா தங்கச்சிக்கு சாயல் ஒண்ணா இருக்கலாம், மச்சமும் ஒரே எடத்துலயா இருக்கும்? நம்பரப் பாத்தா வேற வேற. எனக்கு ஒண்ணும் படிப்பு இல்ல, பிளஸ் டூதான். இருந்தாலும் கண்ணு இருக்குல்ல. படம் பாத்து அறிக்கை எழுதுற சீனியர்ட்ட போயி, "சார், இது ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கு"ன்னேன். அவரு தலையக்கூட நிமித்தல. "கழுவுறது உன் வேலை, பாக்குறது என் வேலை. ஈரத்தோட எடுத்துட்டு வராத, கறை பட்டுரும், போயி காயப் போடு"ன்னுட்டாரு. நான் போயி காயப் போட்டேன். அப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அவமானமா இருந்துச்சுன்னு சொன்னா நல்லா இருக்கும். பொய். அப்பாடான்னு இருந்துச்சு. சொல்ல வேண்டியவருட்ட சொல்லியாச்சு, இனி அவரு பாடுன்னு.

இந்த எடத்துல அந்த ஆலை வெடிச்சு நாலு பேரு செத்தாங்கன்னு நான் எழுதுவேன்னு நீ நினைப்ப. ஒண்ணும் நடக்கல. இன்னைக்கும் அந்த ஆலை ஓடுது, பஸ்ஸுல போறப்ப புகை தெரியும். மொத ரெண்டு மூணு வருசம் அந்தப் பக்கம் போறப்பல்லாம் புகை வருதான்னு எட்டிப் பாப்பேன். அப்புறம் பாக்குறத விட்டுட்டேன். அதுக்கும் அப்புறம், எப்பன்னு தெரியல, ஒரு தெம்பு வந்துருச்சு. பாத்தியா, ஒண்ணும் ஆகல, சும்மா பயந்தோம்னு. அந்தத் தெம்புதான் ஞாயித்துக்கிழமை போன்ல பேசுச்சு. தம்பி, அந்த ரெண்டு படம் நெசமாவே ஒண்ணுதானா, இல்ல என் கண்ணு பொய்யான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த ஜாயின்ட்ட திரும்ப எடுத்துப் பாத்திருந்தா அரை நாள்ல தெரிஞ்சிருக்கும். இருவத்தஞ்சு வருசம் அந்த ஆலைக்கு நல்ல நேரம் இருந்துச்சு, நான் அத என் புத்திசாலித்தனம்னு கணக்கு வச்சுக்கிட்டேன்.

இன்னொண்ணு சொல்லணும். சிரிக்காத. நீ நாலாவது படிக்கிறப்ப வீட்டுப்பாட டைரின்னு ஒண்ணு குடுத்தாங்க, நினைப்பிருக்கா? பிள்ளை வீட்டுப்பாடம் முடிச்சத பெத்தவங்க பாத்து தெனமும் கையெழுத்து போடணும். எனக்கு லேப்புல இருந்து வந்தா கைய காலத் தூக்க முடியாது, உங்க அப்பா டவுன் பஸ் ஓட்டிட்டு எப்ப வருவாருன்னு தெரியாது. அதனால ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உக்காந்து திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் அஞ்சு கையெழுத்தையும் மொத்தமா போட்டுக் குடுத்துருவேன். ஒரு தடவ நீ, "ஏம்மா, இன்னும் வீட்டுப்பாடமே குடுக்கலையேம்மா"ன்ன. நான், "குடுப்பாங்கள்ல, நீ செய்வேல்ல, போடா"ன்னேன். அத உங்க அப்பாட்ட சொல்லி எம்புட்டு சிரிச்சிருக்கோம். பாக்காம கையெழுத்து போடுறத நீ சைட்டுல போயி கத்துக்கிட்டன்னு யார் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன். அது இந்த வீட்டுல கத்துக்கிட்டது. அதுக்காக உன் தப்பு என் தப்பாயிராது, உன்னோடது உன்னோடதுதான். வழி காட்டினவ யாருன்னு மட்டும் சொல்றேன்.

போன தீவாளிக்கு வந்தப்ப உங்க அப்பா உங்கிட்ட ஒரு கேள்வி கேட்டாரு. இம்புட்டு பெரிய நிலையத்த கட்டுறீங்களே, வாரியத்துக்காரங்க நாலு பேரு வந்து ரெண்டு நாள்ல என்னத்த பாத்துருவாங்கன்னு. நீ காலண்டர் தாளக் கிழிச்சு பின்பக்கம் படம் போட்டுக் காட்டுன. வேலை செய்யிறவன் ஒரு கையெழுத்து, சப்-கான்ட்ராக்ட் ஆளு ஒண்ணு, நீ ஒண்ணு, உனக்கு மேல உன் அதிகாரி ஒண்ணு. சில எடத்துல வேலைய நிப்பாட்டியே ஆகணும், கையெழுத்து இல்லாம அடுத்த அடி வைக்கக் கூடாது. வாரியத்துக்காரங்க இந்த ஏற்பாடு ஒழுங்கா நடக்குதான்னு பாப்பாங்க, நெனச்ச எடத்துல கைய வச்சு ஒண்ணு ரெண்ட உருவிப் பாப்பாங்க, எல்லா ஜாயின்ட்டையும் அவங்களால பாக்க முடியாதுன்ன. உங்க அப்பா பெருமையா தலைய ஆட்டுனாரு. நேத்து அந்தத் தாள மனசுல வச்சு யோசிச்சுப் பாத்தேன். நாலு பேரு கையெழுத்து இருக்குன்னா நாலு பேரு பாத்திருக்காங்கன்னுதானே அர்த்தம். பதினேழாம் ஜாயின்ட்டுக்கும் நாலு கையெழுத்து இருக்கு. மேல இருக்குறவரு உன் கையெழுத்தப் பாத்து போட்டாரு, நீ அவன் கையெழுத்தப் பாத்து போட்ட, அவன் படமே எடுக்காம போட்டான். பாத்தது யாருமே இல்ல. வியாழக்கிழமை வாரவங்க அந்தப் பக்கத்தப் பாத்தா எல்லாம் ஒழுங்கா இருக்கும்.

ஆலைப் பாய்லருக்கு வருசா வருசம் நிப்பாட்டி, தெறந்து, உள்ள தட்டிப் பாக்க ஆளு வருவாங்க. என் தப்ப மன்னிக்க அடுத்த வருசம்னு ஒண்ணு இருந்துச்சு. உனக்கு வெள்ளிக்கிழமையோட சரி. அந்தக் குழாய் நல்லாவே இருக்கலாம். பதினேழ வெல்டு வச்சவன் நல்ல வெல்டரா இருக்கலாம், படம் எடுக்க கை எட்டாத எடமா இருந்ததால சோம்பேறித்தனத்துக்கு பதினால ரெண்டு தடவ எடுத்திருக்கலாம். ஆனா இருக்கலாம், இருக்கலாம்னு சொல்லவா அங்க உனக்கு ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்காங்க?

இதுல குறுக்குச் சந்து ஒண்ணு இருக்கு. நீ இந்நேரம் அதக் கண்டுபிடிச்சிருப்ப, ஏன்னா எனக்கே தோணுச்சு. "படம் எடுக்குறவன் ஏமாத்திட்டான், நான் கண்டுபிடிச்சிட்டேன்"னு போயி சொல்றது. உனக்கு சபாஷ்கூட கிடைக்கும். பதினேழ வெள்ளிக்கிழமைக்குள்ள படம் எடுத்துருவாங்க, எல்லாம் சுபம். நீ பாக்காம போட்டது யாருக்கும் தெரியப் போறதில்ல. ஆனா அப்படிச் சொன்னா, மிச்ச பத்து படத்தையும் நீ பாத்துட்டன்னு அவங்க நம்பிருவாங்கல்ல? அதுக்கு முன்னாடி நீ போட்டதையும் நம்புவாங்க. அதுல எத்தனை பாத்து போட்ட, எத்தனை பாக்காம போட்டன்னு உனக்குத்தான் தெரியும். நான் கேக்கல, எங்கிட்ட சொல்லாத. கேக்க வேண்டியவங்க கேட்டா சொல்லு. "பன்னெண்டையும் பாக்காமதான் போட்டேன்"ங்கற வார்த்தை உன் வாயில இருந்து வந்தாத்தான் மிச்சத்த எடுத்துப் பாப்பாங்க.

சொன்னா உனக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. ஒண்ணும் ஆகாது, நேர்மைக்கு பரிசு குடுப்பாங்கன்னு கதை விட மாட்டேன். கொஞ்ச நாள் வேலைய விட்டு நிப்பாட்டி வைக்கலாம், விசாரணை வைக்கலாம், வீட்டுக்குப் போன்னுகூட சொல்லலாம். வேலை நின்னு போச்சுன்னு சைட்டுல பாதிப் பேரு உன்னைய வைவாங்க. உங்க அப்பாவுக்கு நேத்துதான் சொன்னேன். "முப்பது வருசம் வண்டி ஓட்டுனவன், பிரேக்கு சரியில்லைன்னா டெப்போவுல வண்டிய எடுக்க மாட்டேன்னு சண்டை போட்டவன் நானு. ஆனாலும் சொல்றேன், கல்யாணம் முடியட்டும்டி"ன்னாரு. "அப்ப அது நம்ம பிள்ளை பிரேக்கு இல்லையே, அதான் தைரியமா சண்டை போட்டீங்க"ன்னேன். அதுல இருந்து பேச்சு வார்த்தை இல்ல. அவரு கோவம் வந்தா பேச்சத்தான் குறைப்பாரு, சாப்பாட்ட குறைக்க மாட்டாரு. மூணு வேளையும் தட்டு காலியாகுது, கவலைப்படாத.

இப்ப நீ கோவப்படப் போற விசயத்துக்கு வாரேன். நேத்து முற்பகல் நான் பரவைக்கு, பொண்ணு வீட்டாரப் பாக்கப் போனேன். உங்கிட்ட கேக்காமத்தான் போனேன். கேட்டா வேணாம்ப, தெரியும். கல்யாணம்னு ஒண்ணச் சொல்லித்தானே உன் வாய அடைச்சேன், அந்தக் கல்யாணத்தயே முன்னாடி போயி பேசிருவோம்னு தோணுச்சு. பவித்ராவோட அப்பா காய்கறி மண்டியிலதான் இருந்தாரு, ஏலம் முடிஞ்சு சாக்கு அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. என்னையப் பாத்ததும் பத்திரிகை விசயம்னு நினைச்சு, "வாங்க தங்கச்சி, அச்சாபீசுல இருந்து நேராவா?"ன்னு சிரிச்சாரு. உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். குழாய், படம், உன் கையெழுத்து, நான் போன்ல சொன்ன யோசனை, எல்லாம்.

மனுசன் ஒரு சாக்க இழுத்துப் போட்டு எதிர உக்காந்தாரு. அப்புறம், "நாங்களும் அப்படித்தான் தங்கச்சி. நூறு மூட்டை வருது, எதப் பிரிச்சுப் பாக்குறது? ஆளு மூஞ்சியப் பாத்து நல்ல காய்னு ஏலம் கூவிருவோம். அடியில சொத்தை இருந்தா வாங்குனவன் மறுநாள் வந்து வைவான், கேட்டுக்கிருவோம்"ன்னாரு. அப்புறம் அவரே, "கத்திரிக்கா கெட்டா ஒரு நாளு குழம்பு போச்சு. இது அப்படி இல்லைல்ல?"ன்னாரு. "இல்லண்ணே"ன்னேன். வேலை போயிருமான்னு கேட்டாரு. போகலாம்னேன். கேசு கீசு வருமான்னு கேட்டாரு. "தெரியாதுண்ணே"ன்னேன். கடைசியா, "பந்தல்காரருட்ட இன்னைக்கு அட்வான்ஸ் குடுக்குறதா இருந்தேன். ரெண்டு நாள் போகட்டும்"ன்னாரு. நல்லாத்தான் சொன்னாரு, மரியாதையாத்தான் சொன்னாரு. உன் கல்யாணத்த என் கையாலயே கலைச்சிட்டேனோன்னு பயந்தேன், இப்பவும் பயமாத்தான் இருக்கு.

பவித்ராவுக்கு நேத்து மருந்துக் கடையில மதிய ஷிப்டு. போற வழியில என்னைய ஸ்கூட்டியில ஏத்தி திண்டுக்கல் ரோட்டுல பஸ் ஸ்டாப்புல விட வந்தா. மண்டிக்கு வந்தவ அவங்க அப்பா சொன்னத ஓரமா நின்னு கேட்டிருக்கா போல. ஸ்டாப்புல வண்டிய நிப்பாட்டி, ஹெல்மெட்ட கழட்டி மடியில வச்சுக்கிட்டு, "எப்ப அத்தை அவருக்கு இது தெரிஞ்சுச்சு?"ன்னு கேட்டா. போன வாரம்னேன். "போன வாரம் தெனமும் எங்கிட்ட பேசுனாரு. சேலைக் கலரு, மண்டபத்துல ஏசி இருக்கான்னு, அதெல்லாம் கேட்டாரு"ன்னா. கோவமா சொல்லல, அதுதான் எனக்கு கஷ்டமா இருந்துச்சு. "அவனுக்கு சொல்லப் பயம்மா"ன்னேன். "பயம் இருக்கட்டும் அத்தை. எனக்கும்தான் பயமா இருக்கு. அப்பா நிப்பாட்டச் சொன்னா நான் அவருகிட்ட சண்டை போடுவேன். ஆனா எதுக்காக சண்டை போடுறேன்னு எனக்குத் தெரியணும்ல. நீங்க இம்புட்டு தூரம் பஸ் ஏறி வந்து சொன்னீங்க. உங்களப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். அவரப் பத்தி எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியல"ன்னா.

பஸ்ஸு வந்து நின்னுருச்சு. கண்டக்டர் "ஏறும்மா, வெரசா ஏறு"ன்னு கத்துறாரு. எம்மவன் அப்படிப்பட்டவன் இல்ல, கண்டிப்பா போயி சொல்லிருவான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பெத்தவ அதச் சொல்லாம இருப்பாளா? ஆனா இன்னொரு தடவ பாக்காம கையெழுத்து போட எனக்கு மனசு வரல. அவ கையப் புடிச்சு ஒரு தடவ அமுக்கிட்டு ஏறிட்டேன்.

எனக்கும் தெரியாது தம்பி. நாளைக்கு புதன்கிழமை. அவளும் நானும் உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்.

அம்மா